பதினோராம் பக்கம்

வூச் நகரத்தின் அந்தத் திரையரங்கில்
நான் ஒரு படமும் பார்த்ததில்லை.
கோட்டுகளை வாங்கி மாட்டுவேன்,
பித்தளை வில்லை தருவேன்.
ஆளிடம் பெயர் கேட்பதில்லை. எண் கோட்டுக்கு.

கதவிடுக்கில் வருவது லுதோமிரின் குரல் மட்டும்.
அயல்நாட்டுப் படம் என்றால் அவர்தான் எல்லாரும்.
கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு,
ஒலிவாங்கி, தட்டச்சடித்த தாள்கள்.
கொலைகாரனும் அவர், குழந்தையும் அவர்,
முத்தம் கேட்கிறவளும் முகம் திருப்புகிறவளும் அவரே,
ஏற்ற இறக்கம் இல்லாமல்
ரயில் நேரம் வாசிக்கிறவர் மாதிரி.
"நான் கொஞ்சம் இல்லாமல் இருந்தால்தான்
அவர்கள் இருப்பார்கள்" என்பார்.
வீட்டிலும் அப்படியே பேசிப் பேசித்தான்
மனைவி போய்விட்டாள் என்று கேள்வி.

ஜனவரியில் வந்தது அந்தப் படம்.
எந்த நாட்டுடையது என்று மறந்துவிட்டேன்.
போரிலிருந்து ஒருவன் திரும்புகிறான்
செத்த தோழனின் அடையாளச் சீட்டோடு,
செத்தவனின் பெயரோடு,
செத்தவனின் தாய் வீட்டுக்கு.
அவனுக்கென்று இருந்த பெயரை
வேறெங்கோ தேடிக்கொண்டிருக்கிறார்கள்.
"அம்மா, நான்தான்" என்றது லுதோமிரின் குரல்.

பிறகு ஒன்றுமில்லை.

படக்கருவியின் கரகரப்பு.
யாரோ இருமினார்கள்.
யாருடைய தொப்பியையோ பிடித்தபடி நின்றேன் நான்.
பத்தாம் பக்கத்துக்கு அடுத்துப் பன்னிரண்டு இருந்ததாம்.
திரையில் தாயின் உதடுகள் அசைந்தனவாம்,
நிற்காமல் அசைந்தனவாம்.
அவருக்கு அந்த மொழி ஒரு சொல்லும் தெரியாது.

"தெரியும், நீ அவனில்லை.
உட்கார். சூப் ஆறுகிறது."

வெளியே வந்தவர்கள் வில்லையை நீட்ட மறந்தார்கள்.
இருபத்து மூன்றாம் எண்காரி,
நூலாலையில் இரவு முறை பார்ப்பவள்,
கோட்டைப் போட்டுக்கொண்டும் போகாமல் நின்றாள்.
லுதோமிர் வந்ததும் அவர் கையைப் பிடித்து
நன்றி என்றாள்.
எதற்கென்று அவர் கேட்கவில்லை.

அவருடைய கோட்டும் என்னிடம்தான் இருந்தது,
எண் இல்லாமல், ஓரத்து ஆணியில்.
மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தேடி உள்பையில் கைவிட்டார்.
மடித்த தாள் வந்தது.
டிராமில் வாசிக்க எடுத்து
கூட்ட நெரிசலில் வாசிக்காமல் செருகிய தாள்.

என் மேசைமேல் விரித்தார்.
என் மகன் எங்கே விழுந்தான்?
முகம் எந்தப் பக்கம் இருந்தது?
யாராவது கண்ணை மூடினார்களா? நீயா?
பக்கம் முழுக்கக் கேள்விகள்.
சாப்பாடு என்ற பேச்சே இல்லை.

"அவனுக்கு இரக்கப்பட்டேன்" என்றார் லுதோமிர்,
"அவள் வாயிலிருந்து எடுத்து."
அப்போதும் அதே தட்டைக் குரல்.

வியாழக்கிழமை மறுபடியும் அதே படம்.
கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்தேன்.
கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.
இரண்டாவதற்கு முன்னால் மட்டும்
ஒரு மூச்சு கூடுதல்.

அவளும் வந்திருந்தாள்.
அன்று அவளுக்கு எண் ஏழு.
கோட்டை வைத்துத்தான் ஆளை அறிந்தேன்:
எல்லாப் பொத்தானும் பழுப்பு, மூன்றாவது கறுப்பு.
படம் விட்டு வந்தவளுக்கு
கோட்டின் கைக்குள் கை போகவில்லை.
நான் பிடித்துக்கொண்டேன்.
"போன வாரம் நான்தான் தப்பாகக் கேட்டிருக்கிறேன்" என்றாள்,
என்னிடம் இல்லை, பொத்தான்களிடம்.

நான் உள்ளே போனதே இல்லை, அம்மா,
எனக்கு எதுவும் தெரியாது என்றேன்.
முதல் பாதி உண்மை.

உள்ளே லுதோமிர் விளக்கை அணைத்துவிட்டார்,
வெளியே வரவில்லை.
அவள் வைத்துவிட்டுப் போன வில்லையை
ஆணியில் மாட்ட எடுத்தேன்.
இரண்டு மணி நேரம் உள்ளங்கையில் இருந்திருக்கிறது போல,
அடுப்பிலிருந்து எடுத்தது மாதிரி சுட்டது.